எட்டு விரல் சிலை

தக்காண கனரக வால்வு நிறுவனத்துக்குள் எதுவும் பரிசோதனை இல்லாமல் போக முடியாது. திருகாணி, கிரீஸ் டப்பா, கேன்டீனுக்கு வரும் கத்தரிக்காய், புதிதாகச் சேரும் இன்ஜினீயர் என எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், ஒரு முத்திரை, ஒன்பது கையெழுத்து உண்டு. வெளியே போகும் வால்வுகளை மட்டும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர்களும் அரசாங்கமே, அவர்கள் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். முக்கால்வாசி திரும்பி வந்தன. திரும்பி வந்தவை முறைப்படி பரிசோதிக்கப்பட்டு உள்ளே அனுமதிக்கப்பட்டன.

1978-ல் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னும் நான்கு வருஷத்தில் நிறுவனத்துக்கு வெள்ளிவிழா, அதற்குள் வாசலில் ஓர் உழைப்பாளர் சிலை நிற்க வேண்டும், சிற்பி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. உள்ளூரில் சிற்பி உண்டா என்று விசாரிக்க ஐந்து பேர் குழு அமைத்தார்கள். குழு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய் எட்டு மாதம் விசாரித்துவிட்டு, செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் நாச்சாரத்தில் தங்கள் மதிற்சுவருக்கு அடுத்த தெருவிலேயே ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தது.

அவர்தான் கிதியோன். அப்போது நாற்பத்தாறு வயது. தாத்தா காலத்தில் தெற்கே தமிழ் ஊரான நாசரேத்திலிருந்து செகந்திராபாத் ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர் வேலைக்கு வந்த குடும்பம். வீடு மாரெட்பள்ளியில். பட்டறை என்பது பிஸ்கட் ஃபாக்டரிக்கும் முலாம் பூசும் கூடத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பத்திரிகைகள் அவரை நவீன சிற்பி என்று எழுதின. நவீன சிற்பத்தை யாரும் வாங்கவில்லை என்பதால் கல்லறைக் கற்களில் பெயர் வெட்டிப் பிழைத்தார். செத்தவர்களின் வீட்டார் அவசரப்படுத்துவதில்லை, அந்த ஒரு விஷயம் அவருக்குப் பிடித்திருந்தது. மிச்ச நேரத்தில் தனக்காகச் செதுக்குவார். ஒரு சிலைக்கு இரண்டு வருஷம் பிடிக்கும்.

முதலில் அவரை அங்கீகரிக்கப்பட்ட சப்ளையராகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதினொரு பக்கப் படிவம். மாத உற்பத்தித் திறன் எத்தனை சிலை என்று மூன்றாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவி யூனிஸ், இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 0.0417 என்று போட்டுக்கொடுத்தாள். குறைந்தது ஒன்றாவது இருந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்று படிவம் திரும்பி வந்தது. மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் 0.125 வருமே, அதை முழு எண்ணாக்கினால் ஒன்று என்று வாங்கல் பிரிவுக் குமாஸ்தாவே வழி சொன்னார். அடுத்து, பட்டறையில் தீயணைப்பு வாளி இல்லை என்று ஓர் இன்ஸ்பெக்டர் வந்து குறிப்பெழுதினார். கருங்கல்லுக்கு எப்படித் தீப்பிடிக்கும் என்று கிதியோன் கேட்டார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. யூனிஸின் துணி துவைக்கும் வாளிகள் மூன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டினார்கள்.

நிறுவனத்தின் வாசலில் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. அதில் 'விபத்தில்லா நாட்கள்' என்று மூன்று மொழியில் எழுதி, கீழே எண் தகடுகள் தொங்கும். காலையில் காவலாளி ஸ்டூல் போட்டு ஏறி ஒரு நாளைக் கூட்டுவார். கிதியோன் முதன்முதலாக உள்ளே போன அன்று 2,611 என்றிருந்தது. இவ்வளவு ஜாக்கிரதையான இடமா என்று அவருக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. அந்த மரியாதை மெஷின் ஷாப்புக்குப் போகும்வரை இருந்தது.

மாடலாக யாரை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கத்தான் அங்கே போனார். லேத்துகளின் அடியில் சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளிவிட்டு, ஒரு பெண் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். சாப்பிடுவதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. இருபது வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷத்தைத்தான் என்று அவருக்குத் தோன்றியது. பேரென்ன என்று கேட்டார். ஆரோக்கியமேரி. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இவள் கான்ட்ராக்டரின் ஆள்.

ஓடும் லேத்திலிருந்து சீவலை இழுத்து எடு, நிறுத்தினால் உற்பத்தி கெடும் என்று உத்தரவு. இரண்டு வருஷத்துக்கு முன் சீவல் இழுத்த இழுப்பில் இரண்டு விரல் போயிற்று. கம்பெனிப் பேரேட்டில் அவள் பெயர் இல்லாததால் அவள் விரல்களும் இல்லை. ஆகவே விபத்தும் இல்லை. மறுநாள் காலையில் காவலாளி ஸ்டூல் போட்டு ஏறி ஒரு நாளைக் கூட்டினார்.

சிலைக்கு உட்காரச் சம்மதிக்க அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டறைக்கு வந்தவள், கிதியோன் அவள் கையின்மேல் ஒரு துணியைப் போட்டு மடிப்பை வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"நக்கோ சார், மூடாதீங்க," என்றாள். "கான்ட்ராக்டரு, ஊட்ல காய் அரியறப்போ போச்சுன்னு எழுதிக்கினான். ஆபீஸ்ல எழுதவே இல்ல. இது போனது எங்கியும் எழுத்துல இல்ல சார். கல்லுலயாவது இருக்கட்டும்."

இருக்கும் என்று கிதியோன் வாக்குக் கொடுத்தார். அவருக்கு இந்தச் சிலையில் அதற்கப்புறம் வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

களிமண் மாதிரியைச் சிலைக் கமிட்டிக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. கிதியோன் ஒரு தந்திரம் செய்தார். மாதிரியில் மட்டும் தூக்குச்சட்டியின் மூடியை அந்தக் கையின்மேல் சாய்த்து வைத்துவிட்டார். ஒன்பது அதிகாரிகள் இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள். கேன்டீன் இருக்கும்போது தொழிலாளி வீட்டிலிருந்து சோறு கொண்டுவருவது கேன்டீன் பிரிவுக்கு அவமானம் என்று ஒருவர் சொன்னார். கேன்டீன் சோற்றைச் சாப்பிட்டிருந்த மற்ற எட்டுப் பேரும் பேசாமலிருந்தார்கள். சட்டி திறந்திருக்கலாம், உள்ளே சோறு தெரியக்கூடாது என்று முடிவானது. பொது மேலாளர் வெங்கடகிருஷ்ணனுக்கு முகம் பிடிக்கவில்லை.

"இவ சிரிக்கணும், மிஸ்டர் கிதியோன்," என்றார் அவர். "நம்ம வொர்க்கர்ஸ் எல்லாரும் சந்தோஷமா இருக்கா. சந்தோஷமா இல்லேன்னா அது அவா பர்சனல் மேட்டர், மேனேஜ்மென்ட் அதுல தலையிடறதில்லே."

சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் சிரிப்பதில்லை என்று கிதியோன் சமாளித்தார். சாப்பிட்ட பிறகு சிரிப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாதிரியைப் பார்த்து அளவுப்படம் வரைந்த டிராஃப்ட்ஸ்மேன், மூடிக்கு அடியில் ஐந்து இருக்கும் என்று நம்பிக் கணக்கில் பத்து விரல் போட்டார்.

அல்வாலுக்கு அப்பால் ஒரு கல்லுடைக்கும் இடத்தில் பாறையைத் தேர்ந்தெடுத்தார் கிதியோன். சுத்தியலால் தட்டித் தட்டி, மணிபோல் சத்தம் வரும் கல்லாகப் பார்த்து எடுத்தார். ஒரு வருஷமும் பத்து மாதமும் செதுக்கினார். இருமல் வந்தது, கண் எரிந்தது, இரண்டு பேரின் கல்லறைக் கல் வேலை கைவிட்டுப் போயிற்று. முகத்துக்கு மூன்று மாதம் ஆனது. விரல் போன இடத்திலிருந்த இரண்டு மொட்டைகளுக்கு மட்டும் ஒரு மாதம். தோல் இழுத்து மூடிய விதம், ஒன்று சற்றே சாய்ந்திருந்த விதம் எல்லாவற்றையும் அளந்து, அவள் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். முடிந்த அன்று ஆரோக்கியமேரி அந்தக் கல் கையைத் தன் கையால் மூடிப் பார்த்தாள். ஹவ் சார், ஆமா, இதான் என்றாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதைவிட நல்ல சிலையைத் தன்னால் செய்ய முடியாது என்று தெரிந்த சந்தோஷம் அது.

1981 ஜூலையில் சிலை நிறுவனத்துக்குள் போனது. தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் ஜெகநாதன் வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனாவும் நுண்ணளவுக்கு ஒரு வெர்னியர் காலிப்பரும் வைத்திருப்பவர். லஞ்சம் வாங்காதவர், பொய் சொல்லாதவர், ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வருகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் மனிதன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது கிதியோனுக்கு அப்போது தெரியாது. ஜெகநாதன் முதலில் உள்வரவு முத்திரை குத்தச் சமதளமான இடம் தேடினார். கிடைத்த ஒரே சமதளம் மடியில் கிடந்த இடது உள்ளங்கை. அழியாத சிவப்பு மையில் அங்கே குத்தினார். பிறகு காலிப்பரால் மூக்கை அளந்தார், காதை அளந்தார், விரல்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஷார்ட் சப்ளை," என்றார். "ரெண்டு விரல் வரலே."

அந்த இரண்டையும் தனியாக அனுப்பிவைத்தால் ஸ்டோரில் வாங்கிக்கொள்வார்களாம். முடியாது என்றார் கிதியோன். விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று நின்றார். ஜெகநாதன் கோபப்படவில்லை. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. குறையோடு வந்த பொருளைப் பயன்படுத்தும் பிரிவே ஏற்றுக்கொண்டால் டீவியேஷன் பெர்மிட் கொடுக்கலாம். குறை பொருளின் இயக்கத்தைப் பாதிக்குமா, முன்பு இதே குறையோடு இயங்கியதற்கு ஆதாரம் உண்டா என்று இரண்டு கேள்வி. பயன்படுத்தும் பிரிவு எது என்று தேடி, உழைப்பாளி சம்பந்தப்பட்டது என்பதால் மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார்கள்.

மெஷின் ஷாப் ஃபோர்மன் புருஷோத்தமன் இருபத்திரண்டு வருஷமாகக் கேள்வியைப் படித்து அதற்கு மட்டும் பதில் எழுதிப் பழகிய மனிதர். அவர் எழுதினார்: 'பாதிக்காது. இதே உருப்படி 14.3.1977 அன்று எட்டாம் எண் லேத்தில் இடது கை விரல் இரண்டை இழந்தது முதல், நான்கு ஆண்டுகளாக இந்த ஷாப்பில் தடையின்றி இயங்கிவருகிறது. உற்பத்தியில் குறைவில்லை.' கீழே ஒன்பது அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை, படித்தால் பொறுப்பாகிவிடும். சப்ளையர் பிரதி என்று ஒரு கார்பன் தாள் கிதியோனுக்கு வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். யூனிஸ் சிரிக்கவில்லை. ஞானஸ்நானச் சீட்டுகள் இருந்த தகரப் பெட்டியில் அதை வைத்துப் பூட்டினாள்.

இனி வாசலில் வைக்க வேண்டியதுதான் பாக்கி என்று கிதியோன் இருந்தார். அப்போதுதான் உறுதிச் சோதனைக்கு நாள் குறித்து ஜெகநாதனிடமிருந்து கடிதம் வந்தது. எந்தப் பொருள் வந்தாலும் அதில் ஒரு மாதிரி எடுத்து அறுத்து, அழுத்த இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்க்க வேண்டுமாம். நூறு வந்தால் ஐந்து. ஒன்று வந்தால் ஒன்று.

கிதியோன் ஓடினார். ஒரே சிலையை உடைத்துவிட்டால் வாசலில் எதை வைப்பீர்கள் என்று கேட்டார்.

"அது சிவில் டிபார்ட்மென்ட் கவலை," என்றார் ஜெகநாதன் பொறுமையாக. "வாசல்ல வைக்கப்போறது உடையாதுன்னு சர்டிஃபை பண்றதுதான் என் வேலை. உடைச்சுப் பாக்காம உடையாதுன்னு நான் எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்கோ."

அதே பாறையில் மிஞ்சிய பெரிய துண்டு பட்டறையில் கிடக்கிறது, அதை நொறுக்கிக்கொள்ளுங்கள் என்று கிதியோன் கெஞ்சினார். அதில் தன் முத்திரை இல்லை என்றார் ஜெகநாதன். முத்திரை இல்லாத கல் எந்தக் கல் என்று யாருக்குத் தெரியும்? அப்படியானால் சிலையைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு எதுவும் வேண்டாம் என்றார் கிதியோன். உள்ளே வந்த பொருள் நிராகரிக்கப்பட்டால்தான் வெளியே போகலாம். சோதனையில் தோற்றால்தான் நிராகரிக்கலாம். தோற்றதா என்று தெரிய உடைக்க வேண்டும். ஜெகநாதன் இதைச் சொல்லிவிட்டு, விதிகள் எவ்வளவு அழகாக ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று பாராட்டை எதிர்பார்த்தவர்போல் அவரைப் பார்த்தார்.

வெங்கடகிருஷ்ணனிடம் முறையிட்டார். அவர் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"உங்க வேதனை எனக்குப் புரியறது," என்றார். "ஆனா நம்ம இடத்துல யாரும் யாரையும் நம்பறதில்லே. நம்பாம இருக்கறதாலதான் ஜனங்க நம்மளை நம்பறா. கல் நன்னாருக்குன்னு உங்க வார்த்தையை நான் ஏத்துண்டுட்டேன்னா, ஒன்பது பேர் கையெழுத்து எதுக்கு? அந்த ஒன்பது பேர்தான் எதுக்கு? ஒன்பது பேருக்கும் குடும்பம் இருக்கு, மிஸ்டர் கிதியோன்."

வீட்டில் யூனிஸ் விதிப்புத்தகத்தின் அட்டவணையை வாங்கிக் கணக்குப் பரீட்சைத் தாள் மாதிரி விரல் வைத்துப் படித்தாள். ஒன்றுக்கு ஒன்று. இரண்டு முதல் எட்டு வரைக்கும் ஒன்று.

"ரெண்டாக் குடுங்க," என்றாள். "ஒண்ண உடைச்சிட்டுப் போறாங்க. ஆனா உடைக்கதுக்குன்னு செய்யுத கல்லுக்கு உசுரக் குடுக்காதீங்க."

ஆர்டரில் ஒன்றை இரண்டாகத் திருத்த நாலு மாதம் ஆனது. மிஞ்சிய துண்டுக்கு ஜெகநாதனை அழைத்துவந்து முன்கூட்டியே முத்திரை குத்தவைத்துவிட்டு, கிதியோன் ஏழு வாரத்தில் இரண்டாவதைச் செய்து முடித்தார். கூலிக்குக் கல் உடைக்கிறவனைப்போல் மனசில்லாமல் உடைத்தார். உடையப்போகிறதுதானே என்று கமிட்டி கேட்டதையெல்லாம் அதற்குக் கொடுத்தார். தலையில் ஹெல்மெட், மடியில் சோறு தெரியாத சட்டி, இரண்டு கையிலும் ஐந்தைந்து விரல், முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பல் டாக்டர் கடை போர்டைப் பார்த்துச் செய்தார்.

இரண்டும் சோதனைக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கிதியோன். ஜெகநாதன் அதிர்ந்துபோனார். சப்ளையரே மாதிரியைப் பொறுக்குவதா? அதற்காகத்தான் எண்கள் மட்டுமே அச்சிட்ட ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து குண்டூசியால் குத்த வேண்டும். ஒற்றைப்படை என்றால் முதல் சிலை. சாட்சிக்கு இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். ஜெகநாதன் மனசாட்சியோடு கண்ணை இறுக மூடினார். ஊசி ஏழில் குத்தியது.

கிதியோன் குறுக்கே போய் நின்றார். காவலாளிகள் இருவர் அவரை மரியாதையாகக் கக்கத்தில் பிடித்து வெளியே நிறுத்தினார்கள். அறுக்கும் சத்தம் பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு நின்றது. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலிருந்து சதுரக் கட்டி எடுக்க வேண்டும் என்பது விதி. மேலே என்றால் முகம். சோதனை முடிந்ததும் ஜெகநாதன் வெளியே வந்து, தூசி படிந்த கையால் கிதியோனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கங்கிராஜுலேஷன்ஸ். அருமையான சிலை. உடைக்க நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்."

கிதியோன் கையை விடுவித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மூன்று நாள் ஜுரத்தில் படுத்தார். ஒரு மனிதரின் இரண்டு வருஷத்தை அரை நாளில் நொறுக்கிவிட்டு அதற்கு நற்சான்றும் எழுதிக் கொடுக்கிற ஒரு இடம் இடி விழுந்து போகக்கூடாதா என்று அவர் கர்த்தரிடம் வாய்விட்டே கேட்டார். இடி விழவில்லை. வெள்ளிவிழாதான் வந்தது.

விழாவில் சேர்மன் திரையை விலக்கினார். ஹெல்மெட் போட்ட பெண் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பலகையில் எண் 3,700-ஐத் தாண்டியிருந்தது.

"இந்தப் பெண்மணியின் கைகளைப் பாருங்கள்," என்று சேர்மன் எழுதிவைத்திருந்ததைப் படித்தார். "பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. பத்து வருடமாக இங்கே ஒரு விபத்துகூட இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கல் பொய் சொல்லாது."

கைதட்டல் வெகுநேரம் அடங்கவில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால் துடைப்பத்தோடு நின்ற ஆரோக்கியமேரி தட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்தாள். கிதியோனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. வாக்கைக் காப்பாத்த முடியலம்மா என்றார். அவள் துணிப்பையை மேசைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள். மணிக்கட்டோடு அறுபட்ட கல் கை, மூன்று விரலோடு, சிவப்பு முத்திரையோடு மல்லாந்து கிடந்தது. சோதனைக் கூடத்தைக் கூட்டுவதும் அவள் வேலைதான். குப்பையில் கிடந்ததாம். வாசலில் பையைச் சோதித்த காவலாளி, வெளியே போகக்கூடாதவற்றின் பட்டியலில் பித்தளை, செம்பு, ஈயம், ஷார்ப்பான கருவி எல்லாம் பார்த்துவிட்டு, கை என்று ஏதும் இல்லாததால் விட்டுவிட்டானாம்.

"இத்த வச்சிக்கினு நா இன்னா சார் பண்றது? நீங்களே வச்சிக்கோங்க," என்றாள்.

யூனிஸ் எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கார்பன் தாளைக் கொண்டுவந்தாள். தேதி, லேத் எண், விரல் எண்ணிக்கை, ஒன்பது கையெழுத்து. அதை ஆரோக்கியமேரிக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். ஒருமுறை கேட்டவள், அந்தத் தேதியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

அந்தத் தாளோடு ஆரோக்கியமேரி மனு கொடுக்க, தொழிலாளர் துறை அலுவலகத்தில் திரிபுரசுந்தரி என்ற தெலுங்கு அம்மாள் விசாரித்தார். ஒரு கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனாவை மூடாத அம்மாள். நிறுவனத்தின் பதிலை வெங்கடகிருஷ்ணன் எழுத்தில் கொடுத்தார்: 'அனுமதித் தாளில் கண்ட உருப்படி ஒரு சிலை. அது சோதனையில் முற்றிலும் அழிக்கப்பட்டுவிட்டது. எனவே விரல் பற்றிய கோரிக்கை எழவில்லை.' 1981-ல் வந்த சிலைக்கு 1977-ல் உங்கள் லேத்தில் எப்படி விரல் போயிற்று என்று அந்த அம்மாள் கேட்டார். வெங்கடகிருஷ்ணன், அது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கான கேள்வி என்று ஜெகநாதனைக் கைகாட்டினார். ஆரோக்கியமேரி, கிதியோனிடமிருந்து வாங்கிவந்திருந்த துண்டைப் பிரித்துக் கல் கையை மேசைமேல் வைத்தாள்.

இது எங்கள் சிலையின் கை அல்ல என்று சொல்லும்படி வெங்கடகிருஷ்ணன் கண்ணைக் காட்டினார். ஜெகநாதன் கல்லைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் அவருடைய முத்திரை. இருபது வருஷ சர்வீஸில் தன் முத்திரையைத் தானே மறுத்தவர் இல்லை அவர். என்னுடையதுதான் என்றார். அதோடும் நிறுத்தவில்லை, அளக்காமல் விட அவரால் முடியாது. காலிப்பரை எடுத்துக் கல்லின் மொட்டை விரல்களை அளந்தார். ஆரோக்கியமேரியின் கையைக் கேட்டு வாங்கி அதையும் அளந்தார். கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை என்று, கேட்காமலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று அவருக்கு விளங்கியது. அதற்குள் திரிபுரசுந்தரி அம்மாள் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டார்.

விபத்துப் பதிவேட்டில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு வரி ஏறியது. ஆரோக்கியமேரி, 14.3.1977, எட்டாம் எண் லேத். அன்றைக்கே வாசல் பலகை வர்ணம் பூசுவதற்கென்று கழற்றப்பட்டது. அது திரும்பி வரவே இல்லை.

ஆனால் கோப்பு தணிக்கைக்குப் போனது. அங்கீகரிக்கப்பட்ட சிலைக்கு எட்டு விரல் என்று அனுமதித் தாள் சொல்கிறது, நிறுவியிருக்கும் சிலைக்குப் பத்து விரல் இருக்கிறது, கணக்கில் வராத இரண்டு விரல் உபரி எப்படி வந்தது என்று தணிக்கை கேட்டது. ஒன்பது பேரும் கூடி விவாதித்து, உபரியை நீக்குவதே ஒழுங்கு என்று முடிவு செய்தார்கள். அதைச் செய்ய அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் ஒருவர்தான் இருந்தார். கடிதத்தைப் படித்ததும் கிதியோன் உளியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போனார். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நின்று பார்க்க, சிரித்துக்கொண்டிருந்தவளின் இடது கையிலிருந்து ஒரு விரலை எடுத்தார், பிறகு இன்னொன்றை. அவசரப்படாமல், மொட்டைகளைச் சரியான சாய்வில் செதுக்கினார். அந்தச் சிலையில் அவர் மனதோடு செய்த வேலை அது ஒன்றுதான். துடைப்பத்தோடு வந்த ஆரோக்கியமேரி, கீழே விழுந்த சில்லைக் கூட்டாமல், முடியும்வரை அங்கேயே நின்றாள். ஜெகநாதன் வந்து எண்ணிப் பார்த்தார். எட்டு. சரியாக இருந்தது. இருந்தாலும் அவருக்கு ஏதோ உறுத்தியது. சிலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"விரல் போன கையை மடில வச்சுண்டு இவ சிரிக்கறது ஒரு மாதிரி இருக்கே, மிஸ்டர் கிதியோன்," என்றார் தயங்கி. "பாக்கவே பயமா இருக்கு. அந்தச் சிரிப்பை எடுத்துட முடியுமா?"

கிதியோன் உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"ஆர்டர்ல விரல் மட்டும்தான் எழுதியிருக்கு சார்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.